பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளைக்கு எந்த லேப்டாப்?

கல்லூரி திறக்கிற வாரத்திலேயே லேப்டாப் வாங்கிவிடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தக்கூடிய யோசனை இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் பக்கத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகும் வீடுகளில், பிள்ளைக்கு சீட் கிடைத்த அன்றே லேப்டாப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. எல்லாரும் வாங்குகிறார்கள், நம் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடக் கூடாது என்ற பதைப்பு நியாயமானதுதான். ஆனால் பி.எஸ்சி. முதல் செமஸ்டர் தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், ஒரு அலைடு என்று போய்விடும். பிராக்டிகல் கல்லூரி ஆய்வகத்தில் நடக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ் படிப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதுவரை கைப்பேசியும் கல்லூரி கம்ப்யூட்டர் லேபும் போதும்.

அந்தச் சில மாதங்களில் பிள்ளை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியானாலும், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியானாலும், பக்கத்திலேயே இருக்கும் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆனாலும், ஆறு செமஸ்டருக்குமான பாடத்திட்டத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த செமஸ்டரில் கம்ப்யூட்டர் பிராக்டிகல் வருகிறது, அதில் எந்த சாஃப்ட்வேர் பெயர் இருக்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளட்டும். பிறகு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, “அக்கா, ப்ராஜெக்ட்டுக்கு எந்த சாஃப்ட்வேர் போட்டீங்க? உங்க லேப்டாப்ல ஓடிச்சா, லேப்லதான் உட்கார்ந்தீங்களா?” என்று கேட்கட்டும். கடைக்காரர் அரை மணி நேரம் பேசினாலும் இந்த இரண்டு கேள்விக்கும் அவரிடம் பதில் கிடைக்காது.

பாடத்தைப் பொறுத்துத்தான் லேப்டாப்

இயற்பியல் மாணவருக்குப் பெரும்பாலும் பைத்தான், சைலாப், வரைபடம் போட ஏதாவது ஒன்று, மின்சுற்றுகளுக்கு எல்டிஸ்பைஸ் என்று போகும். இவை எல்லாமே இலவசம், சாதாரண லேப்டாப்பில் தாராளமாக ஓடும். மேட்லாப் கேட்டால் கல்லூரி உரிமத்தில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அதே கட்டளைகளைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளும் ஆக்டேவ் இருக்கிறது. கணித மாணவருக்கு லேட்டெக், ஜியோஜீப்ரா. தாவரவியல், விலங்கியல், பயோடெக்னாலஜி மாணவர்களுக்கு ஆர், படங்களை அளக்க இமேஜ்ஜே, மரபுவரிசைகளை ஒப்பிட மெகா. பிளாஸ்ட் தேடலோ அமெரிக்காவின் என்சிபிஐ தளத்திலேயே நடக்கும், கணக்குப் போடுவது அவர்களுடைய கணினி.

வேதியியல்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கும் பாடம். மூலக்கூறு வரைய கெம்ஸ்கெட்ச் கேட்பார்கள், அது விண்டோஸுக்கானது. அவகாட்ரோ எந்த லேப்டாப்பிலும் ஓடும். மூன்றாம் ஆண்டிலோ எம்.எஸ்சி.யிலோ கணிப்பு வேதியியல் ப்ராஜெக்ட் எடுத்தால் ஓர்கா போன்ற மென்பொருள் வரும். கல்விப் பயன்பாட்டுக்கு அது இலவசம். அதற்கு வேண்டியது நல்ல பிராசசரும் நிறைய நினைவகமும். கடையில் காட்டும் சிவப்பு விளக்கு கீபோர்டும் கேமிங் கிராஃபிக்ஸ் கார்டும் அந்தக் கணக்குக்கு உதவாது.

கிராஃபிக்ஸ் கார்டு பற்றி இங்கேயே முடித்துவிடலாம். பி.எஸ்சி. அறிவியல் படிப்புக்கு அது தேவையில்லை. டேட்டா சயின்ஸ் மாணவருக்கு மெஷின் லேர்னிங் பயிற்சி வரும்போது கூகுள் கோலாப் தளத்தில் கிராஃபிக்ஸ் சில்லை இலவசமாகவே சில மணி நேரம் பயன்படுத்தலாம். கார்டு உள்ள லேப்டாப் 2 கிலோவுக்கு மேல் எடை, செங்கல் போல ஒரு சார்ஜர், சீக்கிரம் தீரும் பேட்டரி. செங்கல்பட்டிலிருந்து வரும் காலை மின்சார ரயிலில், மறைமலை நகரில் ஏறித் தாம்பரம் வரை நின்றுகொண்டே போகும் பிள்ளையின் தோளை நினைத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் வேறு வகை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டருடன் ஓட்ட 16 ஜிபி நினைவகம் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் போடுவதற்கும் அதே கதைதான். இவர்கள் முதல் செமஸ்டரிலேயே வாங்கலாம், வாங்கும்போதே 16 ஜிபி-யாக வாங்க வேண்டும்.

ரேம்: இதில் மட்டும் ஏமாறாதீர்கள்

8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 11 லேப்டாப்பை ஆன் செய்து, எதையும் திறக்காமல் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். பாதியை ஒட்டி ஏற்கெனவே செலவாகியிருக்கும். அதற்கு மேல் பத்துப் பதினைந்து டேப் திறந்த குரோம், ஒரு பிடிஎஃப், ஒரு ஆன்லைன் வகுப்பு என்று சேர்ந்தால் லேப்டாப் திணற ஆரம்பிக்கும். பிராசசர் மோசம் என்று பிள்ளை குறைப்படும், உண்மையில் மோசம் ரேம். மூன்று வருடப் படிப்பு, அதன் பிறகு எம்.எஸ்சி. அல்லது வேலை தேடல் என்று ஐந்து வருடம் ஓட வேண்டிய பொருளுக்கு 16 ஜிபி-தான் சரி.

இப்போது 8 வாங்கிப் பிறகு 8 சேர்த்துக்கொள்ளலாமே என்பது நல்ல கணக்கு, அந்த லேப்டாப் அதற்கு இடம் கொடுத்தால். விவரச் சீட்டில் ‘எல்பிடிடிஆர்’ என்று தொடங்கினால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒன்றும் சேர்க்க முடியாது. வெறும் ‘டிடிஆர்4’, ‘டிடிஆர்5’ என்றிருந்தால் ஸ்லாட் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் சில மாடல்களில் 8 ஜிபி-யைப் பற்றவைத்து ஒரே ஒரு ஸ்லாட் விட்டிருப்பார்கள். கடையில் “எக்ஸ்ட்ரா ஸ்லாட் இருக்கா?” என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். டெல், எச்பி, லெனோவோ ஆகியவை தங்கள் மாடல்களுக்கான சர்வீஸ் கையேட்டை இணையத்தில் வைத்திருக்கின்றன. மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் அடிமூடியைக் கழற்றிய படமே கிடைக்கும். நடுவில் இரண்டு நீள ஸ்லாட், இரு முனையிலும் சின்ன உலோகக் கொக்கி. அதில் ரேம் பட்டையைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு மாடலை முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். தனியாக ரேம் பட்டை வாங்கினால் மலிவு என்ற பழைய கணக்கு இப்போது அப்படியே செல்லாது. வாங்கும் அன்று இரண்டு விலையையும் விசாரித்து ஒப்பிடுங்கள்.

சேமிப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்டு டிஸ்க்குடன் வருவதை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

ஸ்டிக்கரில் உள்ள எண்

‘ரைசன் 5’ என்று ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், விலை வித்தியாசப்படும். முழு எண்ணைக் கேளுங்கள். ஒன்று 7520யூ, இன்னொன்று 7530யூ. ஏஎம்டி-யின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் சில்லின் தலைமுறையைச் சொல்லும். 7520-இல் அது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530-இல் அது 3, அடுத்த தலைமுறை. முன்னதில் நான்கு கோர், பின்னதில் ஆறு கோர். முன்னது எல்பிடிடிஆர்5 நினைவகத்தோடு மட்டுமே வேலை செய்யும் என்பதால் ரேமையும் பிறகு கூட்ட முடியாது. ஒரே ஒரு இலக்க வித்தியாசத்தில் இவ்வளவும் மறைந்திருக்கிறது.

இன்டெல்லில் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘யூ’ என்றால் பேட்டரி தாங்கும், ‘எச்’ என்றால் வேகம் கூடும், சூடும் கூடும். ஐ3-1215யூ சாதாரண அறிவியல் மாணவருக்குப் போதும், ஐ5-1235யூ இருந்தால் இன்னும் நிம்மதி. ‘ஐ3-என்305’ என்று நடுவில் ‘என்’ வந்தால் அது சிக்கனக் கோர்கள் மட்டுமே கொண்ட வேறு வகைச் சில்லு. செலரானைத் தவிர்த்துவிடுங்கள்.

மேக்புக் நல்ல பொருள்தான். ஆனால் ரேமை எந்தக் காலத்திலும் கூட்ட முடியாது, ஆரிஜின் போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் நேரடியாக ஓடாது. துறையில் கேட்காமல் வாங்காதீர்கள்.

பக்கத்து ஊரில் செய்தது ஏன் மலிவாக இல்லை

இந்த வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டெல் 2007-இலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கிறது. எச்பி லேப்டாப்களை அதே ஊரில் உள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் செய்வதாக 2021 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அந்த லைனில் நின்று திருகாணி முடுக்கும் கைகள் இந்த ஊர்களிலிருந்துதான் கம்பெனி பஸ் ஏறுகின்றன. அப்படியிருந்தும் விலை குறையாததற்குக் காரணம் இருக்கிறது. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் சேர்ந்ததால், முழுதாகச் செய்து வெளிநாட்டிலிருந்து வரும் லேப்டாப்புக்கும் அடிப்படைச் சுங்க வரி கிடையாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் ஒன்றேதான். விலையின் பெரும்பங்கான பிராசசர், நினைவகம், திரை ஆகியவை எங்கே பூட்டினாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. ஆகவே ஊர்ப் பெருமைக்காக ஒரு பிராண்டை எடுக்க வேண்டியதில்லை, உள்ளூரில் செய்தது என்பதால் தரம் குறைவு என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. வீட்டில் யாராவது இத்தகைய ஆலையில் வேலை பார்த்தால், ஊழியர் தள்ளுபடி உண்டா என்று எச்.ஆரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெட்டியின் பக்கவாட்டு லேபிளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும் அதில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். தயாரித்து ஒன்றரை இரண்டு வருடம் ஆன பெட்டியானால் அதைச் சொல்லியே விலையைக் குறைக்கக் கேட்கலாம். பெட்டியின் சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரண்ட்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். ‘ஆன்சைட்’ வாரண்ட்டி என்றால் உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று கேளுங்கள். சென்னைக்குள் மட்டும் வீட்டுக்கு வருவார்கள் என்றால் உங்களுக்குப் பயனில்லை.

அரசு மடிக்கணினி கிடைத்தால்

2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த மடிக்கணினித் திட்டத்தில் படித்து வந்தவர்கள் இன்று இந்த ஆலைகளில் சூப்பர்வைசராக இருக்கிறார்கள். 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்து, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினார்கள். இதற்கான குறைந்தபட்ச விவரம் ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையானால், சொந்தப் பணத்தில் வாங்குவதற்கு முன் தன் பெயர் பட்டியலில் வருமா, எந்த ஆண்டில் வரும் என்று துறைத் தலைவரிடம் கேட்கட்டும்.

இயற்பியல், கணிதம், உயிரியல் மாணவருக்கு அந்த லேப்டாப்பே போதுமானது. குறை என்று பார்த்தால் 256 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். படங்களையும் வீடியோவையும் வெளி டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து, வாரண்ட்டி முடிந்த பிறகு 8 ஜிபி சேர்த்தால் ப்ராஜெக்ட் வரை ஓடும். கையில் இருக்கும் பொருளை விட்டுவிட்டு இன்னொன்று வாங்க வேண்டியதில்லை.

திரை, பேட்டரி, வீட்டு மின்சாரம்

திரை 1920-க்கு 1080 புள்ளிகள், ஐபிஎஸ் வகை, பளபளப்பு இல்லாத மேற்பரப்பு என்றிருக்கட்டும். நிற நுட்பம் குறைந்த திரைகள்தான் மலிவு லேப்டாப்களில் அதிகம் வரும். உயிரியல் மாணவர் நிறமேற்றிய திசுப் படங்களைப் பார்ப்பவர் என்றால் கடையில் ஒரு ஸ்லைடு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு எடுக்கட்டும். எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது.

பேட்டரிக்கு ‘10 மணி நேரம்’ என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு வாட்-மணி எண்ணைப் பாருங்கள். 42 வாட்-மணி பேட்டரி, எழுதுவதும் படிப்பதுமாக 8 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம் வரும். பைத்தானில் பெரிய கணக்கு ஓடி 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்தான். 50 வாட்-மணிக்கு மேல் கிடைத்தால் எடுங்கள். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறினால் சார்ஜர் போன அன்று நண்பரின் சார்ஜரில் பிழைத்துக்கொள்ளலாம்.

வாடகை வீடுகளில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலோக உடல் உள்ள லேப்டாப்பை சார்ஜில் போட்டுக் கை வைத்தால் சுருசுரு என்று எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். சாக்கெட்டில் எர்த் இல்லை அல்லது எர்த் பின் தொடாத எக்ஸ்டென்ஷன் பெட்டி என்று அர்த்தம். லேப்டாப்பைக் குறை சொல்லிக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள், வீட்டில் எல்லாருக்கும் பாதுகாப்பு. லாரிகள் ஓயாத ஒரகடம் சாலையோர வீடுகளில் தூசியும் அதிகம். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து அடிப்பக்கக் காற்றுவழியை அடைக்காமல், வருடத்துக்கு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் செய்துவந்தால் மே மாத வெயிலிலும் தாங்கும்.

பழையது வாங்குவதானால்

நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவுக்கு வருகின்றன. மறைமலை நகரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் ஆட்டோவில் சிறிது தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இருக்காது. கீபோர்டும் உடலும் உறுதியான இந்த லேப்டாப்கள், புதிதாக வரும் மலிவு லேப்டாப்பைவிட அறிவியல் மாணவருக்கு நல்ல தேர்வு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மூன்று சோதனைகள் இல்லாமல் காசு கொடுக்கக் கூடாது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-8250யூ சரி, ஐ5-7200யூ வேண்டாம். ‘ஐ7’ என்ற பெயரைக் கண்டு மயங்காதீர்கள், பத்து வருடம் பழைய ஐ7-6500யூவைவிட ஐ3-1215யூ வேகமானது. அடுத்து விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘டிசைன் கெபாசிட்டி’ 50,000 என்றும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ 25,000 என்றும் இருந்தால் பாதி பேட்டரி செத்துவிட்டது, அதன் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். கடைசியாக, முழுதாக ரீசெட் செய்து வைஃபையில் இணைத்து உங்கள் எதிரிலேயே தொடங்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அலுவலக மின்னஞ்சல் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அந்த நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பணம்

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்பதில் வட்டி மறைந்திருக்கிறது, போய்விடவில்லை. வங்கி வட்டி போடும், அந்த அளவைக் கடையோ நிறுவனமோ தள்ளுபடியாகக் கழிக்கும். அந்த வட்டி மீதான ஜி.எஸ்.டி.யும் செயல்முறைக் கட்டணமும் உங்கள் தலையில். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்கள் நீண்ட தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன் நன்றாக யோசியுங்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததையும், மறுவருடம் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்ததையும் பார்த்த ஊர் இது.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையென்றால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவையும் கடனில் சேர்க்கலாம். 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. வழக்கமாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணத்துக்குக் கடன் எடுக்கும்போதே துறையிலிருந்து ஒரு கடிதமும் கடையிலிருந்து ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய ஒரு கொட்டேஷனும் வாங்கி விண்ணப்பத்தோடு வைத்துவிடுங்கள். நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கோ, வாரத் தவணைக் குழுக் கடனுக்கோ போவதற்கு முன், உங்கள் சம்பளம் ஏறும் வங்கிக் கிளையின் மேலாளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.